பல்பு எரிந்தால் ரேடியோ இரைகிறது

சாயங்காலம் கூடத்தில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் போதும், என் ரேடியோவில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 'கொர்ர்' என்று இரைய ஆரம்பித்துவிடும். "அதுவும் உங்களை மாதிரி பழசு" என்றாள் வீட்டுக்காரி. வேறு கம்பெனி பல்பை மாட்டிப் பார்த்தேன். இரைச்சல் இல்லை.

மின்சாதனங்களைப் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கும் தங்கை மகனிடம் கேட்டேன். "பல்புக்குள்ள ஒரு சர்க்யூட் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கரண்டை வெட்டி விடுது மாமா. அந்த இரைச்சல் ஒயர்ல ஏறிடுது. உங்க வீட்டு ஒயரே ஏரியல் ஆயிடுது" என்றான்.

இதை அளக்க எல்.ஐ.எஸ்.என். என்று ஒரு பெட்டி உண்டாம். பிளக்குக்கும் பல்புக்கும் நடுவில் வைப்பார்கள். உள்ளே காயில்களும் கெபாசிட்டர்களும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் காயிலைத் தாராளமாகக் கடந்து போகும். இரைச்சல் கடக்க முடியாது. ஆகவே தெருவின் அழுக்கு உள்ளே வராது, பல்பின் அழுக்கும் தெருவுக்குத் தப்பாது. கெபாசிட்டர் வழியாக அளக்கும் கருவிக்குத்தான் போக வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டிலும் தனித்தனியாக அளப்பார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. மணலியில் சுற்றிலும் தொழிற்சாலைகள். நம் லைன் வேறு, மயிலாப்பூர் லைன் வேறு. நேரடியாக அளந்தால் ஒரே பல்பு இடத்துக்கு ஓர் எண் காட்டும். இந்தப் பெட்டியோ, பல்பு காணும் லைனின் மின்மறுப்பை 50 ஓம் அடிப்படையில் வகுத்த ஒரே கணக்கில் நிறுத்திவிடுகிறது. கடைத் தராசுக்கு முத்திரை குத்துகிற மாதிரி.

"வீட்டுக்குக் கொண்டு வாயேன்டா" என்றேன். சிரித்தான். அதன் கெபாசிட்டர்கள் எர்த்துக்குக் கசியவிடும் கரண்டில் வீட்டு ஈ.எல்.சி.பி. விழுந்துவிடுமாம்.

அளவு 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் 720 அதற்குள் வருகிறது. விதி வகுத்தது யார் என்றேன். 'சிஸ்பர்' என்றான். விரித்துச் சொல்லச் சொன்னால், கொமித்தே அந்தெர்நசியொனால் ஸ்பெசியால் தே பெர்த்துர்பசியோன் ரதியோஎலெக்த்ரிக்! வானொலி இடையூறுகளுக்கான சர்வதேசச் சிறப்புக் குழு. 1934-ல் பாரீஸில் கூடியது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த படிப்பு, குமாஸ்தா உத்தியோகத்தில் ஒரு நாளும் உதவாதது, இந்த வயதில் ஒரு பல்புக்காக உதவியது.

சோதிக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தரமணியிலேயே மத்திய அரசின் 'சமீர்' மையம் இருக்கிறது. ஆனால் பல்பைப் பதிவு செய்யக் கேட்கும் ஐ.எஸ். 16102 முதல் பகுதி பாதுகாப்பைப் பற்றியது. ஷாக் அடிக்காது என்பதற்குத்தான் அத்தாட்சி. இரையாது என்பதற்கு அல்ல. இரைச்சல் சோதனையையும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. வடிகட்டும் பாகங்களை விட்டுவிட்டு விலையைக் குறைப்பது பக்கத்து வீட்டுக்காரன் காதைத் திருடுவதுதானே?

மீடியம் வேவ் யார் கேட்கிறார்கள் என்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது செல்போன் செத்துக் கிடந்தது; எனக்குச் செய்தி சொன்னது இந்த ரேடியோதான். கரண்ட் இல்லாததால் அன்று இரைச்சலும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பல்பு இப்போது பாத்ரூமில். செய்தி நேரத்தில் யாரும் உள்ளே போகக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.