கடைவீதியா, கைப்பேசித் திரையா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அவ்வாறு பெற்ற கணினிகள், அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பின் இன்றும் பல இல்லங்களில் உள்ளன. அவற்றின் பேட்டரி தளர்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் திரை விழித்தெழ நெடுநேரம் ஆகும். ராம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்குக்கு மாற்றாக எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் அவற்றுள் பலவும் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். அதற்குத் தேவைப்படும் சில ஆயிரம் ரூபாய், எளிய குடும்பத்திற்குச் சிறுதொகையன்று. அதனைக் கடைவீதியில் கொடுப்பதா, இணையத்தில் செலுத்துவதா? எங்கே மலிவு என்ற அளவில் இக்கேள்வியைப் பலரும் முடித்துவிடுகின்றனர். உதிரிப்பாகத்தோடு சேர்த்து ஒருவருடைய அறிவையும் நாம் பெறுகிறோம் என்பதும், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதும் கணக்கில் வருவதில்லை.

மடிக்கணினிக்கான டிடிஆர்3 நினைவகத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 1.5 வோல்ட்டில் இயங்குவது ஒருவகை. டிடிஆர்3எல் என்னும் மற்றொரு வகை 1.35 வோல்ட்டிலேயே இயங்கவல்லது. இரண்டுக்கும் தொடுமுனைகள் 204. இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தும். ஆயினும், குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே ஏற்கும் கணினியில் முதல்வகையைச் செருகினால் திரை இருண்டே கிடக்கலாம். இணையப் பக்கத்தின் படத்தில் இவ்விரண்டும் இரட்டைக் குழந்தைகளைப் போலத் தோன்றும். தொழில் தெரிந்த கடைக்காரரோ பழைய நினைவகத்தைக் கையில் வாங்குவார். அதன் மேலுள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பார். உரியதைப் பொருத்தி, கணினியை இயக்கிக் காட்டிய பின்னரே பணம் பெறுவார்.

சென்னை அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெரு இத்தகையோர் நிறைந்த இடம். தில்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. சாலை, மும்பைக்கு லேமிங்டன் சாலை போலத் தமிழகத்துக்கு இத்தெரு. வானொலி, தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி எனக் காலத்துக்கேற்பச் சரக்கை மாற்றிக்கொண்டு வந்த கடைகள் இங்கும் இதனைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு முதலியவற்றிலும் நெருங்கி நிற்கின்றன.

இதனால் கடைவீதியில் குறையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. “பில் போடவா, வேண்டாமா?” என்ற வினா அங்கே இயல்பாக எழுகிறது. வேண்டாம் என்றால் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி குறையும். அதனோடு உத்தரவாதமும் போய்விடும் என்பதைச் சொல்வார் இல்லை. விலை எழுதப்படாத பொருளுக்கு, கேட்பவரின் முகத்தைப் பார்த்து விலை கூறுவதும் உண்டு. ஆண்கள் கூட்டம் மிகுந்த கடையில், கணினி அறிந்த மாணவியிடம் பேசாமல் உடன்வந்த தந்தையிடமே விடை கூறும் விற்பனையாளரை எவ்வாறு மன்னிப்பது? இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ வாழும் மாணவருக்கும் அம்மாணவிக்கும் இணைய அங்காடி உண்மையான விடுதலையைத் தந்திருக்கிறது.

சட்டமும் இணையவழி வாங்குவோரைக் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே ஒருவர் வழக்குத் தொடுக்கலாம். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் உருவான நாட்டைக் குறிப்பிட வேண்டும்; குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு திங்களுக்குள் தீர்வு காண வேண்டும். எனினும் சில ஏமாற்றுகள் புகார் செய்யும் காலம் கடந்த பின்னரே வெளிப்படும். போலிப் பென்டிரைவ் அத்தகையது. அதனுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் கணினிக்குக் கூறும். முதலில் சேமிக்கும் கோப்புகள் ஒழுங்காகவே இருக்கும். உண்மையான அளவு நிரம்பிய பின் சேமிப்பவை அழிந்துபோகும். பொருள் வந்த மறுநாளே எழுதப்பட்ட ஐந்து விண்மீன் பாராட்டு இதனை எவ்வாறு காட்டும்? நடைபாதைக் கடையிலும் இதே போலி கிடைக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொரு வழக்கம். கடைக்குச் சென்று அரைமணி நேரம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, பொருளின் பெயரைக் குறித்துக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் கைப்பேசியில் இருநூறு ரூபாய் குறைவாக வாங்குவது. இதனைத் திறமை எனச் சிலர் பாராட்டுகின்றனர். கடைக்காரரின் அந்த அரைமணி நேரமும் உழைப்பே. வாடகையும் மின்கட்டணமும் கட்டி அவர் அங்கே அமர்ந்திருக்கிறார். இங்கிலாந்தில் மேப்ளின் என்னும் மின்னணுப் பொருள் நிறுவனம் அஞ்சல்வழி விற்பனையில் தொடங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்து, 2018இல் அவை அனைத்தையும் மூடியது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. இணையப் போட்டி அவற்றுள் ஒன்று. மூடிய கடையில் ஐயம் கேட்க இயலாது.

இதற்கு வழி, கடைக்காரர் அறிவுரைக்கும் பொருத்தும் பணிக்கும் வெளிப்படையாகக் கட்டணம் வைப்பதே. இணையத்தில் வாங்கிய பாகத்தையும் முகம் சுளிக்காமல் பொருத்தித் தரட்டும். நாமும் பேரம் பேசாமல் அக்கூலியைக் கொடுப்போம். மருத்துவருக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுக்கும் நாம் இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

விசைப்பலகை, சுட்டி, முத்திரை உடையாத எஸ்எஸ்டி ஆகியவற்றை இணையத்தில் வாங்கலாம். விற்பனையாளர் பெயரைப் பார்த்து, பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாகப் பதிந்துகொள்வது நலம். நினைவகத்தையும் பேட்டரியையும் கடையில், பழையதைக் கையோடு கொண்டுசென்று, பில்லுடன் வாங்குவதே ஏற்றது. பேட்டரியில் மலிவை நாடவே கூடாது. பாதுகாப்புச் சுற்று சரியாக அமையாத போலி, வீங்கவும் தீப்பற்றவும் கூடும். மாற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் இடாமல், திரும்பப் பெறுவார்களா என்று அக்கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.