எழுந்து நிற்க இரண்டு நிமிடம்

தீபாவளி அன்று நாடெங்கும் வெடிச் சத்தம் கேட்கிறது. அந்த வெடியைச் செய்தவர் வீட்டிலே வேறொரு சத்தம் கேட்கிறது. "அம்மாடி, இடுப்புப் போச்சே!" என்ற முனகல்தான் அது.

சிவகாசி, விருதுநகர், சாத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்த முனகல் புதிது அல்ல. "வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்" என்று பலர் பொறுத்துக் கொள்கிறார்கள். முப்பது வயதுப் பெண்ணும் அப்படியே சொல்கிறாள். இது வயதின் குற்றமா? இல்லை. பெரும்பாலும் வேலை செய்யும் முறையால் வருகிற வலி இது. முறையை மாற்றினால் வலியும் குறையும்.

விரல்களின் தொழில்

1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பட்டாசில் கைவேலையே அதிகம். திரி செருகுவதும், சரவெடி பின்னுவதும் விரல்களின் வேலை. தரையில் சம்மணம் போட்டு, தலை குனிந்து, மணிக்கணக்கில் செய்கிறார்கள். செய்தவர்களில் பெண்கள் ஏராளம்.

வலி ஏன்?

தசை சுருங்கி விரிந்தால்தான் அதில் ரத்தம் நன்றாக ஓடும். குனிந்தபடியே இருந்தால் முதுகுத் தசை விறைத்து நிற்கிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. தசை களைத்து வலிக்கிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. நனைந்த பஞ்சை அமுக்கி விட்டால் நீர் வெளியே வந்து மீண்டும் உள்ளே போகும் அல்லவா? அதுபோல, உடம்பு அசையும்போது இந்த வட்டுகளுக்கு ஊட்டம் சேருகிறது. அசையாமல் குனிந்தே இருந்தால் அவை நசுங்கிக் கிடக்கின்றன.

இத்தாலி நாட்டு டாக்டர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொன்னவர் அவர். குனிந்து தைக்கும் தையற்காரரின் முதுகு வலியை அவர் அன்றே கவனித்தார்.

என்ன செய்யலாம்?

அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் சாய வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும். விரல்களை நீட்டி மடக்க வேண்டும். வெடிமருந்து உள்ள அறையில் இதைச் செய்யக் கூடாது. வெளியே வந்துதான் செய்ய வேண்டும்.

வீட்டிலே, பிடித்துக் கொண்ட இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். புதிதாகச் சுளுக்கி வீங்கியிருந்தால் முதலில் குளிர்ந்த ஒத்தடமே நல்லது. நாட்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். மெதுவாக நடப்பதே மருந்து. சாதாரண இடுப்பு வலி சில வாரங்களில் தணிந்துவிடும். குடத்தைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்ணுக்காக வீட்டு ஆண்கள் அந்தக் குடத்தைத் தூக்கினால் இன்னும் நல்லது!

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்கக் கூடாது. அது வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் மரத்துப் போனாலோ, பலம் இழந்தாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடக்க முடியாமல் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

யார் கொடுப்பது?

எழுந்து நிற்கச் சொல்வது எளிது. ஆனால் எத்தனை செய்தாரோ அத்தனைக்குத்தான் கூலி என்றால், எழுந்தவருக்குக் கூலி குறையும். அரை மணிக்கு இரண்டு நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை மணி ஆகிறது. அந்த அரை மணிக் கூலியை இழக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டுமே!

ஆகவே இதைத் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது. முதலாளிகள் அந்த அரை மணியையும் கணக்கில் சேர்த்துக் கூலியை நிர்ணயிக்க வேண்டும். இது தர்மம் அல்ல. களைத்த கை தவறும். வேறு தொழிலில் கை தவறினால் பொருள் கெடும். பட்டாசுத் தொழிலில் உயிர் போகும்.

நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக சட்டசபை 2021-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு, கூலி குறையாமல் எழுந்து நிற்க நேரம் வேண்டும். அதைக் கேட்பதில் தவறு இல்லை. கொடுப்பதில் நஷ்டமும் இல்லை.