வேகம் பெரிதா? நிதானம் பெரிதா?



விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் திரை திக்கித் திக்கி நிற்கிறதா? உடனே கிளம்பும் தீர்ப்பு ஒன்றுதான்: "கிராபிக்ஸ் கார்டை மாத்துடா!" ஆயிரக்கணக்கில் பணம் போகும். திக்கல் மட்டும் போகாது.

பாகத்தை மாற்றுவதும் பழுது பார்ப்பதும் ஒன்றல்ல. இதுதான் என் கட்சி.

நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். ரேமிலிருந்து தகவல் வரத் தாமதமானால் படமும் தாமதம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத நம்மைப் போன்றவர்களின் கணினியில் படத்துக்கும் அதே ரேம்தான். அங்கே ஒற்றை ரேம் போட்டால் பாதி ரோட்டை அடைத்த மாதிரி!

டப்பாவில் 3200 என்று இருக்கும். பல டி.டி.ஆர்.4 ரேம்கள் முதலில் 2133, 2400 என்றுதான் ஓடும். பயாஸில் எக்ஸ்.எம்.பி. போட்டால்தான் டப்பா வேகம் வரும், மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35-க்கு ஏறும். எல்லா போர்டும் பிராசஸரும் அதைத் தாங்குமா? தாங்காவிட்டால் விளையாட்டு பாதியில் விழும், நீலத்திரை வரும். ராத்திரி முழுக்க வரைந்த ப்ராஜெக்ட் ஃபைலும் சத்தமில்லாமல் கெடும்.

என்ன செய்யலாம்? சி.பி.யு.-இசட் போட்டு வேகத்தைப் பாருங்கள். 1600 என்று காட்டினால் பயப்படாதீங்க, இரட்டிப்பாக்கினால் அதுதான் 3200. இரண்டு ரேமையும் போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டில் போடுங்கள். எக்ஸ்.எம்.பி.யை அணைத்து ஓட்டுங்கள். கோளாறு நின்றால் திருடன் அகப்பட்டான். வேகத்தை 2933-க்கு இறக்கிப் பாருங்கள். பிறகு பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். 3200-ல் தள்ளாடுவதைவிட 2933-ல் நிமிர்ந்து ஓடுவது மேல்.

இதுக்கெல்லாம் செலவு? ஒரு பைசா இல்லை!

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க அப்பாவுக்கு ரேமும் தெரியாது, ரோமும் தெரியாது. கடையில் சொன்னதை நம்பி மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பார். நாளைக்கு நம்ம மேஜைக்கு வரப்போறவங்களும் அப்படிப்பட்ட அப்பாக்கள்தான். அவர்களிடம் "மாத்துங்க" என்று சொல்ல டிப்ளமோ எதற்கு? "இருங்க, பார்க்கிறேன்" என்று சொல்லத்தானே படிக்கிறோம்!

முதலில் அளந்து பார்! பிறகு கழற்றிப் பார்! கடைசியில்தான் காசைப் பார்!

- இரண்டாமாண்டு மாணவன், கணினித் துறை