யந்திரம் தரும் நற்சான்று யாருக்கு?

"எங்கள் இணையதளம் சோதனையில் தேறிவிட்டது" என்று மார்தட்டும் பல்கலைக்கழக நிர்வாகங்களைக் கேட்கிறோம்: சோதித்தது யார்? யந்திரம்!

படத்துக்கு விளக்கம் உண்டா என்றுதான் யந்திரம் பார்க்கும். "படம் 1" என்றிருந்தாலும் மார்க் போட்டுவிடும். திரைவாசிப்பானில் அதைக் கேட்கும் பார்வையற்ற மாணவருக்கு என்ன விளங்கும்?

2017-ல் பிரிட்டிஷ் சர்க்கார் 140-க்கும் மேற்பட்ட குறைகளை வேண்டுமென்றே வைத்து ஒரு பக்கம் தயாரித்து, இத்தகைய கருவிகளைச் சோதித்தது. மிகச் சிறந்த கருவியும் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை!

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ம் ஆண்டுச் சட்டம் தந்தது சலுகையல்ல, உரிமை. யந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் மார்க்கைக் காட்டித் தப்பாதீர்கள் என்கிறோம். பார்வையற்ற மாணவர்களையே ஊதியம் கொடுத்துச் சோதனைக்கு அமர்த்துங்கள்! அவர்கள் பிறர் உதவியின்றி விண்ணப்பத்தை முடிக்கட்டும். பிறகு எழுதுங்கள் நற்சான்று!