வலீமா மேசைக்குப் பட்டிப்பூ



நகையை ஈடு வைத்து மண்டபம் சோடிக்கிற குடும்பங்கள் நம்ம உப்புக்குளத்திலும் இருக்கு. மேசைக்கு மேசை வெளியூர்ப் பூக்கொத்து, விடிந்தால் குப்பையில். ஒரு ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுங்கள் என்பதுதான் நபிவழி. கடன்பட்டு மேசை சோடிக்கச் சொன்னது யார்?

மேசைக்கு ஒரு பூச்சட்டி போதும். மூன்று மாதம் முந்தியே பட்டிப்பூ விதை போடுங்கள். நம்ம மணலும் வெயிலும் அதற்கு ஒத்துவரும். தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். பால்மா டின்னில் நட்டால் அடியில் ஓட்டை போடுங்கள். இலையில் நஞ்சு இருப்பதால் ஆடு, ஏன், மன்னார்க் கழுதைகூட வாய் வைக்காது. சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பத்துமணிப்பூ இன்னும் லேசு, கிள்ளி நட்டாலே வரும். ஆனால் பின்னேரமே சுருங்கிவிடும். இரவு வலீமாவுக்கு ஆகாது.

"மையவாடிப் பூவைக் கலியாணத்துக்கா வைப்பது?" என்று வயதான உம்மாமார் கேட்பார்கள். அதன் மற்றப் பெயர் நித்தியகல்யாணி என்று சொல்லுங்கள்!

விருந்து முடிந்ததும் சட்டிகளை வந்த பெண்களிடமே கொடுத்தனுப்பலாம். பெருநாள் கழித்துக் கலியாணம் வைத்திருப்பவர்கள் இப்பவே விதைக்க வேண்டும். விதை என் வாசலில் நிறைய இருக்கு, வந்து எடுங்கள்.