வீட்டில் கட்டிய விமானத்தைப் பரிசோதிப்பவர் யார்?

அலுமினியக் குழாய்கள், மறையாணிகள், எஃகுக் கம்பிகள், அளவாகத் தைத்து வைத்த டாக்ரான் துணியுறைகள், சிறிய எஞ்சின் ஒன்று: இவை அனைத்தும் ஒரு பெட்டியில் அடங்கி வருகின்றன. கைத்திறனும் பொறுமையும் உடைய இருவர், மோட்டார் கொட்டகை ஒன்றிலேயே இவற்றை இணைத்து விமானமாக்கிவிடலாம். அமெரிக்காவில் இத்தகையோருக்கென 1953ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தோன்றிற்று. வேலையில் பாதிக்கு மேற்பட்டதைக் கட்டுபவரே செய்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. நம் நாட்டில் இவ்வகை இலேசு விமானங்கள் மைக்ரோலைட் என்ற பெயரால் வழங்குகின்றன. இருக்கைகள் இரண்டுக்கு மேற்படலாகாது. மொத்த எடையும் 450 கிலோகிராமுக்குள் அடங்க வேண்டும்.

இக்கலை நமக்குப் புதியதன்று. பெங்களூரில் உருவான ராஜ் ஹம்ஸ நிறுவனத்தின் எக்ஸ்-ஏர் விமானம், உதிரித் தொகுப்பாகவே பிரிட்டனுக்குச் சென்றது. அங்கே பொழுதுபோக்காளர்கள் பலர் அதனைத் தம் வீட்டிலேயே கட்டி முடித்தனர். வேலை நடக்கும்போதே மைக்ரோலைட் சங்கத்தின் பரிசோதகர் வந்து பார்த்துக் கையொப்பமிடுவது அங்குள்ள வழக்கம். நம்மவர் செய்தனுப்பிய பொருளை அயலார் துணிவுடன் கட்டியதற்கு அக்கையொப்பமே காரணம் என்பேன்.

இங்கே நிலைமை வேறு. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தம் வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றை அமைத்தார். அது தொகுப்பிலிருந்து கட்டியதன்று, அவரே வகுத்தமைத்தது. 2011இல் பதிவு கோரியவருக்கு 2017 நவம்பரில்தான் பதிவுச் சான்று கிட்டிற்று. பறந்து பார்க்கும் அனுமதி 2019 அக்டோபரில் வந்தது. ஊக்கம் குன்றாதவர் என்பதால் அவர் காத்திருந்தார். எல்லோரும் அவ்வாறு காத்திருப்பர் என எதிர்பார்த்தல் இயலுமா?

அதிகாரிகளின் அச்சத்தை நான் இகழவில்லை. 1930களில் பிரெஞ்சு நாட்டவரான ஆன்ரி மின்யே வடிவமைத்த ‘வானத்துப் பேன்’ என்னும் சிறு விமானத்தை ஐரோப்பாவெங்கும் ஆர்வலர் பலர் தாமே கட்டிப் பறந்தனர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அவற்றுட் சில மூக்குக் கவிழ்ந்து வீழ்ந்தன, ஓட்டியோர் மாண்டனர். கட்டியவரின் கைப்பிழை என்றே சிலர் கருதினர். பிரான்சிலும் இங்கிலாந்திலும் அரசாங்க ஆய்வுக்கூடங்கள் அவ்விமானத்தைக் காற்றுக் குகையில் நிறுத்திப் பரிசோதித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருங்கி அமைந்தமையால், ஒன்றைத் தழுவிய காற்றோட்டம் மற்றொன்றைப் பாதித்தது. ஒரு குறித்த கோணத்திற்கு மேல் மூக்கு தாழ்ந்துவிட்டால், ஓட்டுபவர் பிடியை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. தனிமனிதர் எவரும் தம் கொட்டகையில் இதனைக் கண்டறிந்திருக்க முடியாது. தடையுத்தரவும் கண்டறிந்திராது. கண்டறிந்தது ஆய்வுக்கூடமே.

அத்தகைய திறமை தில்லியிலேயே இருந்ததுண்டு. ஸப்தர்ஜங் விமான நிலையத்தை ஒட்டியிருந்த சிவில் விமான இலாகாவின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிருதம் அவர்களின் தலைமையில் மிதவை விமானங்கள் உருவாயின. 1958இல் அசுவினி பறந்தது. 1961இல் ரோகிணி, 1963இல் கார்த்திக். பின்னர் 1967இல் ரேவதி என்னும் இலேசு விமானமும் எழும்பிற்று. (நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியவருக்கு நல்ல இரசனை இருந்திருக்க வேண்டும்.) இன்றும் சிவில் விமான டைரக்டர் ஜெனரலின் தலைமை அலுவலகம் அந்நிலையத்திற்கு எதிரிலேயே உள்ளது.

தலைநகரின் வானில் இவை பறப்பது இயலாது, கேட்பதும் நியாயமன்று. குடியரசு நாள் போன்ற காலங்களில் மைக்ரோலைட்டுகளையும் பாராகிளைடர்களையும் தில்லிப் போலீஸார் உத்தரவிட்டே தடுக்கின்றனர். ஆயினும் கட்டுவதற்கு வானம் தேவையில்லை. இவ்வகை விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, நகரெல்லைக்கு வெகு தொலைவிலுள்ள ஓடுதளத்திற்குக் கொண்டு செல்லலாம். எனவே தில்லியில் கட்டுவோருக்குத் தில்லியிலேயே தேவைப்படுவது, அழைத்தால் வந்து பார்க்கும் பரிசோதகர்.

கட்டுவோர் தொகை சிறிது, அவர்களுக்காக அரசாங்கம் செலவிடலாமா என்று கேட்கலாம். பிரிட்டனில் இப்பொறுப்பைச் சங்கமே ஏற்கிறது. பயிற்சி பெற்ற உறுப்பினரே பார்வையிடுகின்றனர். இங்கும் ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர் பலர் உளர். டைரக்டர் ஜெனரலின் அலுவலகம் அவர்களைத் தேர்ந்து அங்கீகரித்தால் போதும். செலவைக் கட்டுபவர் ஏற்கலாம்.

பார்வையிடுதல் எப்போது நிகழ வேண்டும் என்பதே முக்கியம். துணியுறை போர்த்திய பின் உள்ளே வளைந்த குழாயும், பூட்டுக் கம்பியிடாத மறையாணியும் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே முதற்பார்வை சட்டகம் திறந்திருக்கும்போதே நிகழ வேண்டும். அடுத்தது, எஞ்சினையும் எரிபொருட் குழாய்களையும் பொருத்திய பின். கடைசியாக, ஓட்டுபவரை இருக்கையில் அமர்த்தி, விமானத்தைத் தராசுகளின் மீது நிறுத்தி, ஈர்ப்பு மையம் உரிய எல்லைக்குள் உள்ளதா என அளந்து எழுத வேண்டும். இம்மூன்று கையொப்பங்களும் கூடியபின் பறந்து பார்க்கும் அனுமதி எத்தனை நாளுக்குள் வரும் என்பதையும் விதியிலேயே குறித்துவிடுதல் நன்று.