வாயடைக்கும் வீடுகள்

"பேசாதே!" நம் இல்லங்களில் சின்னஞ்சிறார் அதிகமாகக் கேட்கும் சொல் இதுவே என்று தோன்றுகிறது. வீட்டில் பேசாதே, பூசையில் பேசாதே, பெரியவர்கள் நடுவே பேசாதே. மூன்றாண்டுகள் இவ்வாறு வாயைக் கட்டிவிட்டு, நான்காம் ஆண்டில் பள்ளி வாசலில் நிறுத்தி, "டீச்சருக்குப் பதில் சொல்லு" என்று தோளைத் தட்டுகிறோம். எங்கிருந்து வரும் பதில்?

இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்தில் எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் இருக்கிறார். "வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று ஒரு பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். அவர் அறிந்த ஆங்கிலம் "கம், கோ, சிட், ஈட்". அன்று முதல் பிள்ளையிடம் அந்த நான்கு சொற்களோடு நிறுத்திக்கொண்டார். ஆயாவுக்கும் தடை விழுந்தது. அவர் பேசுவது மெட்ராஸ் பாஷையாம்! சங்கராவையும் வஞ்சிரத்தையும் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர், வாடைக் காற்றையும் கொண்டலையும் முகத்தில் படும்போதே பிரித்துச் சொல்பவர். தெலுங்கின் 'நைனா'வும் உருதுவின் 'பேஜாரு'ம் கலந்து புழங்கும் அந்தப் பேச்சு, பல மக்கள் கூடிப் பிழைத்த துறைமுகத்தின் செல்வம். அதை வாசற்படியில் நிறுத்திவிட்டு நான்கு சொற்களை உள்ளே அழைத்தோம். ஆங்கிலம் கூடாதென்று நான் வாதிடவில்லை. முதல் மொழியில் வாய் திறவாத பிள்ளை இரண்டாம் மொழியில் எப்படித் திறக்கும் என்றே கேட்கிறேன்.

'உழைப்பாளி வீட்டில் சொல் ஏது?' என்று இகழ்வோர் உண்டு. 1995இல் அமெரிக்காவின் ஹார்ட், ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களை ஆராய்ந்து, வசதியான வீட்டுக் குழந்தையைவிட வறியவர் குழந்தை நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டனர். அது உலகெங்கும் வேதவாக்காயிற்று. 2018இல் டக்ளஸ் ஸ்பெரியும் அவருடைய குழுவினரும் வேறுவிதமாக எண்ணிப் பார்த்தார்கள். குழந்தையிடம் நேரே சொன்னவற்றோடு, சுற்றியிருந்தோர் பேசியவற்றையும் சேர்த்தார்கள். அந்தப் பெரும் பள்ளம் அங்கே தென்படவில்லை. அலபாமாவின் ஏழை மக்களிடையே குழந்தையின் காதில் விழுந்த சொற்கள் மிகுதியாகவே இருந்தன. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, சொற்களின் எண்ணிக்கையைவிட, குழந்தையும் பெரியவரும் மாறிமாறிப் பேசிக்கொள்வதே மூளையின் மொழிப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது.

ஏலக்குரல் ஓயாத காசிமேட்டிலும், வலை பின்னும் திண்ணைகளிலும், எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் தடவும் பெண்களிடையேயும் சொல்லுக்கா பஞ்சம்? பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஒருவர் திரும்ப வேண்டும்; அவ்வளவே.

திரும்புகிறோமா? திருவொற்றியூரில் இரவு ஷிப்டு முடித்துவரும் தந்தை களைத்திருக்கிறார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் சோறூட்டும் நேரத்தில் பிள்ளையின் கையில் செல்பேசி எதற்கு? இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அந்தக் கருவி ஓயாமல் பேசுகிறது. பிள்ளை சொல்வதற்குக் காத்திருப்பதில்லை.

நம் அன்பியங்களும் தப்பவில்லை. கூட்டம் தொடங்குமுன் பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை பாய் விரிக்கும்போது முன்வரிசையை அவர்களுக்கு விடுங்கள். அந்த ஆயாவையும் அழைத்து வாருங்கள். எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் குறுக்கே கேட்பார்கள். கேட்கட்டும்; செபம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் என்ன?